வாளியோடு கடைசி பெஞ்சில் இருந்தவர்

(2025 ஏப்ரல் இறுதியில் எழுதிய பதில்.) மியான்மரின் மாண்டலே பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் 35 குடும்பங்கள். மார்ச் 28 நிலநடுக்கத்தில் பாதிப் பேருடைய வீடுகள் விரிசல் விட்டுவிட்டன. சிலர் இன்னும் வாசலில்தான் படுக்கிறார்கள். யாங்கோனிலிருந்து 20 மூட்டை அரிசியும் கொஞ்சம் பணமும் வந்திருக்கின்றன. அவர் கேட்பவை மூன்று. முதலில் சபையாருக்குக் கொடுப்பதா, தெருவில் உள்ள எல்லோருக்குமா? கொடுக்கும்போது நம் விசுவாசத்தைப் பற்றிப் பேசலாமா? இவ்வளவு சிறிய சபை எத்தனை நாளுக்குத் தாக்குப்பிடிக்கும்?

தம்பி, நான் யாங்கோனில் ஒரு தமிழ்ச் சபையில் மூப்பராக இருக்கிறேன். 2008இல் நர்கிஸ் புயல், 2021இல் கொரோனா என்று இரண்டு பெரிய ஆபத்துக் காலங்களில் எங்கள் சபை செய்ததையும் செய்யத் தவறியதையும் கூடவே இருந்து பார்த்தவன். நாங்கள் செய்த பிழைகள் உங்களுக்குப் பயன்படும்; ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2008 மே 2ஆம் தேதி ஐராவதி டெல்டாவில் கரையேறிய நர்கிஸ், இரவோடு இரவாக யாங்கோனுக்கு வந்து சேர்ந்தது. டெல்டாவில் லபுத்தா, போகலே, பியாபோன் பக்கமெல்லாம் கடல் ஊருக்குள் ஏறிவிட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். யாங்கோனில் உயிர்ச்சேதம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து மின்கம்பங்களையும் இழுத்துப் போட்டுவிட்டன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் போனதும் மோட்டார் நின்றது. மோட்டார் நின்றதும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போயிற்று.

விடிந்ததும் நாங்கள் நான்கைந்து பேர் சபைக்கு ஓடினோம். கூரைத் தகரம் பாதி பறந்துவிட்டது. பின்பக்கச் சுற்றுச்சுவர் விழுந்து கிடந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது பின்புறத்திலிருந்து கிரீச் கிரீச் என்று சத்தம் கேட்டது. அங்கே எங்களிடம் ஒரு பழைய கைப்பம்பு உண்டு. மோட்டார் போட்ட பிறகு நாங்களே மறந்துவிட்ட ஒன்று. பின்வீட்டுப் பர்மியப் பெரியவர் சுவர் விழுந்த வழியாக உள்ளே வந்து அதை அடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கைப்பிடியை விட்டுவிட்டுக் குற்றம் செய்தவர்போல் ஒதுங்கி நின்றார். பத்து வருடத்துக்கு மேலாகப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் வாழ்ந்தவர். எங்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. எங்கள் போதகர் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்ப் பம்பைப் பிடித்து அடிக்கத் தொடங்கினார். பெரியவர் வாளியை நகர்த்தி வைத்தார். அன்று மாலைக்குள் வரிசை தெருமுனை வரைக்கும் போய்விட்டது.

பிறகு அந்தச் சுவரை மறுபடி கட்டியபோது, விழுந்த இடத்தில் ஒரு சிறு கதவு வைத்தோம். உங்கள் வளாகத்தில் கிணறோ பம்போ நிழலோ கழிப்பறையோ இருந்தால், அரிசியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அவற்றைத் திறந்துவிடுங்கள். மாண்டலேயில் இப்போது அடிக்கிற வெயிலுக்கு ஒரு மரநிழலும் பூட்டாத கழிப்பறையும் பெரிய உதவி. வாசலில் படுக்கிற பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

தண்ணீரில் எங்களிடம் தவறு நேரவில்லை. அரிசியில்தான் நேர்ந்தது. மூன்றாவது வாரத்தில் நன்கொடையாக அரிசி வந்தது. பங்கிடுவதற்கு ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோரும் இருப்பார்கள் என்று, ஆராதனை முடிந்ததும் கொடுப்பதாக முடிவு செய்தோம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வசதி பார்த்தோம், அவ்வளவுதான். அந்த ஞாயிறு ஒரு பர்மிய அம்மாள் காலியான பிளாஸ்டிக் வாளியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை, கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைக் குழம்பு கரைந்து வழிந்திருந்தது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர். நாங்கள் எழுந்தபோது எழுந்தார், உட்கார்ந்தபோது உட்கார்ந்தார், கண்ணை மூடியபோது மூடினார். இரண்டு மணி நேரம் அப்படியே. முடிந்த பிறகு என் மனைவி போய்ப் பேசியபோது, "எல்லாம் சரியாகத்தானே செய்தேன்?" என்று பர்மிய மொழியில் கேட்டார். அரிசிக்காக அதையெல்லாம் செய்ய வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். நினைக்கும்படி நடந்துகொண்டது நாங்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அரிசி கொடுக்கும் நாளையும் ஆராதனை நாளையும் கலக்காதீர்கள். ஆலயத்துக்குள் வைத்துக் கொடுக்காதீர்கள். வாசலில் கொடுங்கள், அல்லது வீட்டுக்கே கொண்டுபோங்கள். மூட்டையில் துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள். வாங்குகிறவரை நிறுத்தி வைத்துப் புகைப்படம் எடுக்காதீர்கள். பணம் அனுப்பியவர்கள் படம் கேட்டால் மூட்டைகளைப் படம் எடுத்து அனுப்புங்கள். யாராவது தாமாகவே, "எங்களுக்காக ஜெபம் செய்யுங்கள்" என்று கேட்டால் தாராளமாகச் செய்யுங்கள். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்கிற உரிமையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பசித்தவர் முன்னால் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சுக்கு அவர் மறுப்புச் சொல்ல முடியாது. மறுப்புச் சொல்ல முடியாதவரிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது அவரையும் அவமதிக்கிறது, விசுவாசத்தையும் அவமதிக்கிறது.

இனி அரிசிக் கணக்கு. நம் ஊர்க் கணக்கில் ஒரு மூட்டைக்கு 24 பியி (அரிசி அளக்கும் படி). ஒரு பியிக்கு 8 கெட்டிப்பால் டின். உங்கள் 20 மூட்டையில் 3,840 டின் அரிசி இருக்கிறது. வேறு கறி அதிகம் இல்லாத நேரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு டின் வேண்டும். வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் உங்கள் 35 குடும்பத்துக்கு இது 11 நாளுக்கு வரும். உங்கள் தெருவில் 100 வீடு இருந்தால், எல்லோருக்கும் பகிர்ந்தால் நான்கு நாளுக்குக்கூட வராது. ஆனால் வேறு எவரும் எட்டிப் பார்க்காத 60 பேருக்கு மட்டும் என்றால் சரியாக 32 நாள்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. சபையாருக்கா, வெளியாருக்கா என்று பிரிக்காதீர்கள். அந்த 60 பேர் யார் என்று தேடுங்கள். அதில் சபையாரும் இருப்பார்கள், பக்கத்து வீட்டு முஸ்லிம் பாட்டியும் இருப்பார், பிள்ளைகள் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்ட பர்மியக் கிழவரும் இருப்பார். பெரிய நிறுவனங்களிடம் லாரி இருக்கிறது, தார்ப்பாய் இருக்கிறது, மருத்துவர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் யார் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை உங்கள் சபைப் பெண்கள் ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார்கள். வரிசையில் வந்து நிற்கத் தெம்பு உள்ளவர்களுக்கு எப்படியாவது ஏதாவது கிடைத்துவிடும். வரிசைக்கு வராதவர்களுக்காகத்தான் உங்களைப்போன்ற சிறிய சபை தேவைப்படுகிறது.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டிரண்டு பேராக, ஒருவராவது பர்மிய மொழி நன்றாகப் பேசுகிறவராக, தெருமுனையிலிருந்து வீடு வீடாகப் போங்கள். "என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள்; வெட்கப்பட்டு ஒன்றும் வேண்டாம் என்பார்கள். "தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்? நேற்று இரவு எங்கே படுத்தீர்கள்? மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது உண்டா, எத்தனை நாளுக்கு மிச்சம் இருக்கிறது?" என்று கேளுங்கள். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து தீர்ந்துபோவதை நிவாரண லாரியில் வருகிறவர் யாரும் கவனிப்பதில்லை. கைக்குழந்தை, கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர், தனியாக இருப்பவர் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, அடையாள அட்டை இல்லாதவர்களைத் தேடிப் பிடியுங்கள். இது நம் தமிழர்களுக்கே நன்றாகத் தெரிந்த வேதனை. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எத்தனை தமிழ்க் குடும்பங்கள் சரியான அட்டை இல்லாமல் மூன்று தலைமுறையாக அலைகின்றன! வார்டு அலுவலகத்தில் நிவாரணப் பட்டியல் எழுதும்போது வீட்டுப் பட்டியலில் பெயர் இல்லாதவர், வாடகைக்கு வந்து குடியிருப்பவர், வேறு மாநிலத்தில் நடக்கும் சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர் எல்லாம் விட்டுப்போகிறார்கள். வார்டு பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பத்துவீட்டுத் தலைவரோடு மரியாதையாகப் பழகுங்கள். ஆனால் உங்கள் பட்டியலை நீங்களே எழுதுங்கள்.

ஆதிச் சபையிலேயே இந்தத் தகராறு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் அன்றாடப் பந்தியில் விட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அதைத் தீர்க்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். விட்டுப்போனவர்கள் வேற்றுமொழி பேசியவர்கள் என்பதைக் கவனியுங்கள். தமிழ் பேசுகிறவர்கள் பட்டியல் எழுதினால் தமிழ் பேசுகிறவர்கள் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அதில் வஞ்சகம் இல்லை, பழக்கம்தான். அதனால்தான் எங்கள் உதவிக் குழுவில் 2021இல் பின்வீட்டுப் பெரியவரின் மகளையும் தெருமுனைப் பள்ளிவாசலைச் சேர்ந்த ஒரு தையல்காரரையும் சேர்த்தோம். சபை அங்கத்தினர் அல்லாதவர் எப்படி என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் இருவரும் இல்லாவிட்டால் தெருவில் பாதி எங்களுக்குத் தெரிந்திருக்காது.

2021 ஜூலை எப்படி இருந்தது என்று உங்களுக்கும் தெரியும். பிப்ரவரியில் ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு, அதை எதிர்த்து மருத்துவர்கள் வேலைக்குப் போகவில்லை, மருத்துவமனையில் இடம் இல்லை, மக்கள் வீட்டிலேயே மூச்சுத் திணறி இறந்தார்கள். சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஆக்சிஜன் ஆலை வாசலில் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். எங்கள் சபை கடன் வாங்கி மூன்று சிலிண்டர் வாங்கியது. 40 லிட்டர் சிலிண்டர் முழுதாக நிரம்பியிருந்தால் சுமார் 6,000 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் 20 மணி நேரம், 10 லிட்டர் விட்டால் 10 மணி நேரம்தான். திறந்த நேரத்தைச் சிலிண்டர் மேலேயே சாக்குக்கட்டியால் எழுதுவோம். ரெகுலேட்டர் மாட்டும் இடத்தில் எண்ணெய்க் கை படக்கூடாது, பக்கத்தில் ஊதுவத்தி எரியக்கூடாது என்று வீட்டுக்கு வீடு சொல்லிக் கொடுத்தோம்.

அங்கேயும் ஒரு பிழை. முதல் சிலிண்டர் எங்கள் சபையிலேயே மதிப்புள்ள ஒரு குடும்பத்துக்குப் போனது. நோயாளி தேறிய பிறகும், மறுபடி தேவைப்படலாம் என்று நான்கு நாள் அதை அவர்கள் திருப்பித் தரவில்லை. கேட்கக் கூச்சப்பட்டோம். அந்த நான்கு நாளில் யார் யார் வந்து வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அதன் பிறகுதான் விதி எழுதி வாசலில் ஒட்டினோம்: இரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் விரல்நுனிக் கருவியில் எவ்வளவு காட்டினால் கொடுப்பது, எவ்வளவுக்கு மேல் தேறினால் திருப்பி எடுப்பது, யார் போய் எடுப்பது. விதி வந்த பிறகு ஒருவரும் சண்டை போடவில்லை. தையல்காரர் வீட்டுக்குப் போன சிலிண்டர் இரண்டே நாளில் திரும்பி வந்தது, அவர் செலவிலேயே நிரப்பப்பட்டு.

ஆகையால் தம்பி, முதல் மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னால் விதியை எழுதுங்கள். போதகர் வீட்டுக்கும் மூப்பர் வீட்டுக்கும் அதே விதி. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று தமிழிலும் பர்மிய மொழியிலும் வாசல் பலகையில் வாரம் ஒருமுறை எழுதுங்கள். வாங்கியவர் பெயரைப் பலகையில் எழுதவேண்டாம். அது நோட்டுக்குள் இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் செல்பேசி வழியாக ஒருவர் கணக்குக்குப் பணம் அனுப்புவார்கள். அதை உடனே இன்னொருவர் முன்னால் எண்ணிப் பதியுங்கள். நல்லவர் மேல் சந்தேகம் விழாமல் காப்பாற்றுவதற்கும் அதுவே வழி.

சமைத்துக் கொடுப்பதா, அரிசியாகக் கொடுப்பதா என்று அடுத்துக் கேட்பீர்கள். அடுப்பு இருக்கிற வீட்டுக்கு அரிசி கொடுங்கள். அது அவர்கள் கையில் இருப்பதுதான் மரியாதை. வாசலில் படுத்திருப்பவருக்கும் தனியாள் முதியவருக்கும் சமைத்த சோறு. அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வைத்திருக்கும் அண்டாக்களை எடுங்கள். நூறு பேருக்கு உலை வைக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தமிழ்ச் சபையிலும் இருக்கிறார்கள். கறி வேண்டாம். முஸ்லிம் சகோதரர்களுக்கு ஹலால் பார்க்கவேண்டும், இந்துக்களும் பர்மியர்களில் பலரும் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். பருப்பும் காயும் போட்ட சாம்பார் சாதத்தை எல்லோரும் சாப்பிடுவார்கள். முட்டை கிடைத்தால் தனியாக வையுங்கள். நாற்றிசையிலிருந்து வருவோருக்கும் அன்னமிடும் சத்துதித்தா இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், நம்மிடையே அன்னதானம் எப்படியோ அப்படி. ஆகவே அண்டாவைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மார்ச் 28 வெள்ளிக்கிழமை மதியம், ரமலானின் கடைசி வெள்ளித் தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன என்பதை மறக்கவேண்டாம். உங்கள் தெருவில் இழவு விழுந்த வீடுகளில் பல அவர்களுடையவை. அந்த வீட்டுக்கு முதலில் வெறுங்கையோடு போய் உட்காருங்கள். சோறு மறுநாள் போகட்டும்.

தண்ணீரைக் காய்ச்ச விறகு இல்லாவிட்டால், வாசனை சேர்க்காத 5 சதவீத வெளுப்பு நீரை (பிளீச்) லிட்டருக்கு இரண்டு சொட்டு, கலங்கலாக இருந்தால் வடிகட்டிவிட்டு நான்கு சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டின ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள் ஒரே நாளில் தெரு முழுக்கச் சொல்லிவிடலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் ஆலயம் பழைய செங்கல் கட்டடம் என்றால், ஜன்னல்களுக்கு இடையே சுவரில் பெருக்கல் குறிபோல் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை உள்ளே யாரையும் தங்கவைக்காதீர்கள், ஆராதனையும் மரத்தடியில் நடக்கட்டும். பின்னதிர்வுகள் இன்னும் ஓயவில்லை. வெளியார் வளாகத்தில் இரவு தங்கினால் பெயரை வார்டு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, தங்குகிறவருக்கும் அதில்தான் பாதுகாப்பு.

கடைசியாக, எத்தனை நாள் என்ற கேள்வி. ஈஸ்டரும் பர்மியப் புத்தாண்டான திஞ்சானும் முடிந்துவிட்டன. இந்த மாதம் வரை லாரிகள் வரும், அடுத்த மாதம் குறையும், மழை தொடங்கும்போது அநேகமாக நின்றுவிடும். நர்கிஸ் சமயத்திலும் அப்படித்தான். புயல் அடித்து ஐந்தாம் ஆறாம் மாதங்களில்தான் பல வீடுகளில் நிஜமான பட்டினி வந்தது. கையிருப்பு தீர்ந்து, கடனும் ஏறி, கேட்க ஆளில்லாத நேரம் அது. எனவே வந்ததையெல்லாம் முதல் வாரத்தில் கொடுத்துத் தீர்க்காதீர்கள். பணத்தில் ஒரு பங்கை மே மாதத்து மழைக்கு முன்னால் தார்ப்பாய்க்கும் மூங்கிலுக்கும் ஒதுக்குங்கள்.

அரிசி தீர்ந்த பிறகு என்ன செய்வது என்று பயப்படவேண்டாம். பிடி அரிசிக் காணிக்கையை மறுபடி தொடங்குங்கள். நம் பாட்டிமார் ஒவ்வொரு வேளை உலைக்கும் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு ஞாயிறு தோறும் கொண்டுவந்தார்கள்; இங்கே சின் இன மக்களின் சபைகளில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. 35 வீட்டில் ஒரு நாளுக்கு இரண்டு பிடி என்றால் வாரத்துக்கு 490 பிடி. நான்கு பிடி ஒரு டின் என்று வைத்தாலும் 120 டின்னுக்கு மேல். எட்டுப் பேர் ஒரு வாரம் சாப்பிடலாம். பாதி வீடு விரிசல் விட்ட ஒரு சபை, வெளியிலிருந்து ஒரு மூட்டையும் வராமல், எட்டுப் பேரை எத்தனை மாதமானாலும் காப்பாற்ற முடியும் என்று அர்த்தம். கொடுக்கிற வீடுகளில் சில, முன்பு வாங்கிய வீடுகளாக இருக்கும். எங்கள் சபையில் வாளியோடு வந்த அந்த அம்மாள் பிறகு ஒருநாளும் ஆராதனைக்கு வரவில்லை. ஆனால் 2021இல் சிலிண்டர் வாங்கப் பணம் திரட்டியபோது, பின்பக்கக் கதவு வழியாக வந்து மடித்த நோட்டுகளை என் மனைவி கையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த வாரம் நோட்டுப் புத்தகத்தோடு தெருவுக்குப் போங்கள். 60 பேருக்கு மேல் பெயர் வந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்; இங்கே இன்னும் சில மூட்டைக்கு ஏற்பாடு செய்யலாம்.